மறுசோறு

எங்கள் ஆச்சிக்கு ஊரார் வைத்திருந்த பட்டப்பெயர் 'போதும் ஆச்சி' என்பது. கலியாண வீடாகட்டும், கோயில் அசனமாகட்டும், சோற்றுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் சுற்று வருகிற இளவட்டம் அவள் இலைக்கு நேரே வந்து குனிவதற்குள், இலையின் குறுக்கே கையை நீட்டி மறைத்து, "போதும் மக்கா, அடுத்த ஆளப் பாரு" என்று சொல்லிவிடுவாள். எழுபது வயதுக்கு மேல் வாழ்ந்த அந்த ஸ்திரீ ஒரு பந்தியிலாவது மறுசோறு வாங்கியதை நான் கண்டதில்லை. அவள் வயிற்றில் பிறந்த என் தகப்பனாரும் கண்டதில்லை என்றே சொல்லுவார். ஒரே ஒரு தடவை வாங்கினாள். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்; ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர நான் சுற்றின வழியையும் சொல்லாமல் தீராது.

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், காற்றடி காலத்தில் இரவோடிரவாக இடம்பெயர்ந்து நடக்கிற செம்மணல் தேரியின் ஓரமாக, இடையன்குடிக்கு நடைதூரத்தில் எங்கள் ஊர் இருந்தது. நெல் விளையாத மண். பனை ஒன்றே எங்களுக்கு வயலும் மாடும். பருவகாலத்தில் ஆண்கள் விடிவதற்கு முன்பே தளைநாரும் பாளையரிவாளும் எடுத்துக்கொண்டு, காலையும் மாலையுமாக முப்பது நாற்பது பனை ஏறி இறங்குவார்கள். பெண்கள் விடிலியின் புகைக்குள் உட்கார்ந்து, சுண்ணாம்பு தடவிய கலயங்களில் இறங்கிவந்த பதநீரைக் காய்ச்சி, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவார்கள். பருவம் முடிந்தால் அடுத்த பருவம் வரைக்கும் அரைவயிறு. அப்பேர்ப்பட்ட மண்ணிலேதான் கால்டுவெல் ஐயர் 1841-ல் வந்து குடியேறி, 1847-ல் அஸ்திவாரம் போட்டு, 1880-ல் பிரதிஷ்டை பண்ணி, முப்பத்து மூன்று வருஷ காலமாக ஒரு கோயிலைக் கட்டினார். பிரதிஷ்டை நாளன்று ஆச்சி கைக்குழந்தை. தாயாரின் இடுப்பிலிருந்துகொண்டு தான் அதைப் பார்த்ததாகச் சொல்லுவாள். கைக்குழந்தைக்கு அது ஞாபகமிருக்க நியாயமில்லை என்று நான் நாலெழுத்துப் படித்த கர்வத்தில் தர்க்கம் பண்ணினால், "எனக்கு நெனப்பில்லன்னா எங்கண்ணு பாக்காமப் போயிருக்குமால?" என்பாள். இதற்கு என்ன பதில் சொல்லுகிறது?

அவளுடைய தாய்தகப்பன் சபையில் சேர்ந்தது 1877-ல், தாது வருஷப் பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது. சென்னை ராஜதானியில் லட்சக்கணக்கான ஜனங்களை வாரிக்கொண்டுபோன அந்தப் பஞ்சத்திலே, திருநெல்வேலிப் பக்கத்தில் கிராமம் கிராமமாக ஆயிரக்கணக்கான பேர் மிஷன் சபைகளில் வந்து சேர்ந்ததும், இவர்கள் ஆத்துமாவுக்காக வந்தவர்களா அரிசிக்காக வந்தவர்களா என்று அப்போதே பேச்சு எழுந்ததும் சரித்திரத்தில் உள்ள சங்கதி. மிஷன் சரித்திரம் எழுதியவர்கள் இந்த இடத்துக்கு வரும்போது சற்றே கனைத்துக்கொண்டு எழுதுவார்கள். ஆச்சிக்கு அந்தச் சங்கடம் கிடையாது. "சோத்துக்குத்தாம்ல வந்தோம். பிறவு எதுக்கு வருவாவ? எங்கம்மைக்கு மூணு நாளுப் பட்டினி. கஞ்சித்தொட்டி எங்க இருக்குன்னு கேட்டுக்கேட்டு நடந்து வந்தா. வந்த எடத்துல கஞ்சியும் ஊத்தி, பேரைச் சொல்லிக் கூப்புட்டாவளாம். அதுவரைக்கும் அவளை எவனும் பேரைச் சொல்லிக் கூப்புட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, "அஞ்சாயிரம் பேருக்கு அப்பம் குடுத்தாரே ஏசுசாமி, அதுல பிரசங்கம் கேக்க மட்டும் வந்தவன் எத்தன பேருன்னு ஒங்க ஐயரக் கேட்டுச் சொல்லு" என்று வெற்றிலையை மடிப்பாள்.

எங்கள் அடுக்களையில் அம்மிக்குப் பக்கத்து மூலையில், வாய் சிறுத்த ஒரு மண்கலயம் பனையோலை மூடியோடு இருந்தது. உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பாக அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, கண்ணை மூடி உதடு அசையாமல் ஏதோ சொல்லி, ஆச்சி அந்தக் கலயத்தில் போடுவாள். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். எங்கள் சீமையில் வீட்டுக்கு வீடு இருந்த பிடி அரிசிக் காணிக்கை இதுதான். அந்த அரிசி ஏலம் போட்ட காசில் ஒரு பங்கு, 1903-ல் பாளையங்கோட்டையில் சுதேசிகளே ஆரம்பித்த இந்திய மிஷனெரி சங்கத்தின் வழியாக ஐதராபாத் சமஸ்தானத்து டோர்னக்கலுக்குப் போயிற்று. அந்தச் சங்கம் உண்டாகக் காரணமாயிருந்தவர்களில் ஒருவரும், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றவருமான அசரியா, எங்களுக்கு அடுத்த வெள்ளாளன்விளையில் பிறந்தவர். ஆச்சிக்கு அத்தியட்சர், சமஸ்தானம் ஒன்றும் தெரியாது. "தெலுங்கு பேசுத பிள்ளைய கஞ்சி குடிக்கணும்லா" என்பது மாத்திரம் தெரியும். அரைவயிறு உண்கிற பனையேறி வீட்டு அரிசி, கண்ணால் காணாத அரைவயிற்றுக்காரர்களைத் தேடி ரயிலேறிப் போன இந்த விசித்திரத்தை, நான் வெகுகாலம் ஒரு விசித்திரமாக நினைக்கவே இல்லை.

1942-ல் ரங்கூன் விழுந்து பர்மா அரிசி நின்றுபோனபோது எனக்குப் பதினாலு வயது. பங்கீட்டுக்கடை அரிசியில் பாதி கல்லும் மீதி புழுவும். மரச்சீனிக் கிழங்கும், பனங்கிழங்கும், பதநீரில் வேகவைத்த பயறுமாக நாள் கழிந்தது. அந்த நாளிலும் ஆச்சி ஒரு பிடி எடுத்தாள். வளருகிற பையனுக்கு வயிறு என்பது ஓட்டைப் பானை. ஒருநாள் மத்தியானம் யாரும் இல்லாத சமயம் பார்த்து, அந்தக் கலயத்தில் கையை விட்டு, ஒரு வாய் பச்சரிசி மென்றேன். மறுநாளும் மென்றேன். மூன்றாம் நாள் கலயத்து மூடியைத் திறந்தால், அரிசியின்மேல் ஒரு துண்டு கருப்பட்டி வைத்திருந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. சாயந்திரம் ஆச்சி என்னைத் திட்டவில்லை. "பச்சரிசி தனியாத் தின்னா வயித்த வலிக்கும்ல" என்றதோடு சரி. மறுநாள் உலையரிசியிலிருந்து அவள் எடுத்த பிடி, வழக்கத்தைவிடப் பெரிதாயிருந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். குற்றமுள்ள கண்ணுக்கு எல்லாம் பெரிதாகத்தான் தோன்றும்.

இவ்வளவையும் படிக்கிறவர்கள், தரித்திரம் பழகிப்போன ஒரு கிழவியின் மரத்த மனசுக்கு இவன் சந்துஷ்டி என்று பெயர் கொடுக்கிறான் என்று நினைத்தால், அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டாகி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் கருப்பட்டி வியாபாரி ஒருவர் பெரிய மனிதர். பருவத்துக்கு முன்னால் பனையேறிகளுக்கு முன்பணம் கொடுத்து, பருவத்தில் தாம் வைத்த விலைக்குக் கருப்பட்டியை எடுத்துக்கொள்ளுகிறவர். வீட்டு ஜெபக்கூட்டங்களில் அவருக்கு மிகவும் பிரியமான விஷயம், பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவுக்குப் போதுமென்கிற மனதைப்பற்றி எழுதினது. உண்ணவும் உடுக்கவும் இருந்தால் அதோடு திருப்தியாயிருக்க வேண்டுமென்று, வயிறு குலுங்க, மூச்சு வாங்க அவர் வியாக்கியானம் பண்ணுகையில், எதிரே பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அவருக்குக் கடன்பட்டவர்கள். நிறைந்த களஞ்சியம் வெறும் பானைக்குச் சொல்லுகிற 'போதும்' எப்பேர்ப்பட்ட அபத்தம் என்பதை நான் எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் கற்கவில்லை. அந்தப் பாயில் கற்றேன். ஒரு தடவை அவருடைய கிட்டங்கியில் எடை போடுகையில், தராசு நிலைக்குவருமுன் கணக்குப்பிள்ளை தட்டை இறக்கினான். ஆச்சி அதை விடவில்லை. "இலையில விழுத சோத்துக்குப் போதும்பேன் பிள்ளை. தட்டுல விழுத எடைக்குச் சொல்ல மாட்டேன். மறுபடி தூக்கும்" என்று, அத்தனை பேர் முன்னிலையில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மறுபடி தூக்கினபோது ஒன்றரை ராத்தல் கூட நின்றது. 'போதும்' என்ற சொல்லை எங்கே சொல்லவேண்டும், எங்கே சொல்லக்கூடாது என்பதில் அவளுக்கு இருந்த கணக்கு, எனக்கு ஐம்பது வயதிலும் பிடிபடவில்லை.

1946-ல் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்தேன். விடுதியில் சாப்பாட்டுக்கூடத்தில் ஒருநாள், நான் இரண்டாம் தடவை சோறு கேட்டு எழுந்தபோது, பக்கத்து இலைக்காரன், நல்ல குடும்பத்துப் பையன், சிரித்துக்கொண்டே, "பின்னே, சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள்தானே" என்றான். அவனுக்கு அது வேடிக்கை. எனக்கு அன்று கை கழுவினபோது கண்ணும் கழுவவேண்டி வந்தது. அந்த ஒரு வார்த்தை என் வாழ்க்கையில் சில வருஷங்களைத் தின்றுவிட்டது என்று சொன்னால் மிகையல்ல. சோற்றின் சம்பந்தமே இல்லாத, சுத்தமான ஆத்துமப் பசி ஒன்று எனக்குள் உண்டென்று உலகத்துக்கும், முதலாவதாக எனக்கும், நிரூபிக்க வேண்டுமென்ற வைராக்கியம் பிறந்தது. ஆச்சியின் பேச்சு எனக்குக் கூச்சமாயிற்று. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அவள் கஞ்சித்தொட்டிக் கதையை ஆரம்பிக்கும்போதே நான் எழுந்துபோய்விடுவேன்.

படித்தேன். அகுஸ்தீன் எழுதிய அறிக்கைகளைப் படித்தேன். பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்து, காவி உடுத்து, வெறுங்காலோடு அலைந்து, 1929-ல் திபேத்துக்குப் போன வழியில் காணாமற்போன சாது சுந்தர்சிங்கைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எங்கள் ஜில்லாவிலேயே வைஷ்ணவ குலத்தில் பிறந்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்று, 1894-ல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்ட கிருஷ்ண பிள்ளையை, பொருள் முழுவதும் விளங்காமலே பாதி நெட்டுருப் போட்டேன். கூட்டங்கள் எங்கே நடந்தாலும் போனேன். மாரமணில் பம்பையாற்று மணலில் ஓலைப்பந்தலுக்குக் கீழே, மலையாளம் அரைகுறையாய் விளங்க, ஆயிரமாயிரம் பேரோடு உட்கார்ந்து அழுதேன். அழுகை நிஜம், அதில் பொய் இல்லை. ஆனால் திரும்பிவருகிற வண்டியில் செங்கோட்டை தாண்டுவதற்குள்ளாகவே, அடுத்த கூட்டம் எங்கே என்று விசாரித்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு அனுபவத்தையும் தேதிபோட்டு ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைத்தேன். சில மாதம் கழித்து அதை எடுத்துப் புரட்டினால், இதையா நாம் அவ்வளவு உருகி எழுதினோம் என்று தோன்றும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விடியும்வரை மீத்துவைத்த மன்னா பூச்சிபிடித்து நாறினதாக யாத்திராகமத்தில் வாசிக்கிறோமே, அதைப்பற்றி வாலிபர் சங்கத்தில் அழகாகப் பேசியுமிருக்கிறேன். என் நோட்டுப்புத்தகமே அந்தப் பாத்திரம் என்பது மாத்திரம் உறைக்கவில்லை.

1949 கோடையில் வட ஆற்காட்டுத் திருப்பத்தூருக்குப் போனேன். அங்கே 1921-ல் டாக்டர் சேசுதாசனும், ஸ்காட்லாந்தில் கம்பளிநூல் ஆலைகளுக்கு உரிய செல்வக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் பாரஸ்டர் பேட்டனும் சேர்ந்து ஸ்தாபித்த கிறிஸ்துகுல ஆசிரமம் இருக்கிறது. பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் அவ்விருவரையும் சுற்றுப்புறத்தார் அழைப்பார்கள். கதர் உடை, மரக்கறி உணவு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காரும் வழிபாடு, நம்முடைய பழைய கோயில்களைப்போலக் கோபுரத்தோடு கட்டிய ஜெபாலயம், அதற்குச் சற்று தூரத்தில் ஏழைகளுக்கு வைத்தியசாலை. ஆலைச் சொத்துக்கு வாரிசான ஒருவர் எளிய கதரில் நடமாடுவதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அப்போதே ஒரு சிறு முள்ளும் குத்தியது: இவர் வேண்டாமென்று விட்டுவந்ததை எங்கள் ஆச்சி கண்ணால் பார்த்ததுகூட இல்லையே, அவளுடைய 'போதும்' இவருடையதற்கு உறவா, வேறு ஜாதியா? அந்தக் கேள்வியை நான் அங்கே யாரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக மூன்று நாள் உபவாசம் இருக்கத் தீர்மானித்தேன்.

முதல் நாள் பெருமையில் கழிந்தது. இரண்டாம் நாள் தலைவலியில் கழிந்தது. மூன்றாம் நாள் காலை, ஜெபாலயத்தில் தனியே முழங்காலில் நின்று, சோற்றுச் சம்பந்தமற்ற என் ஆத்துமப் பசியைத் தேவனுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கையில், சமையற்கட்டில் கேழ்வரகுக் களி கிண்டுகிற வாசனை வந்தது. அவ்வளவுதான். பரிசுத்தம், பரமண்டலம், யாத்திரிகம் எல்லாம் ஒரு திசையில் போக, என் மனசு முழுவதும் அந்தக் கருத்த உருண்டையின்மேலும் அதன் நடுவே குழிபறித்து ஊற்றுகிற குழம்பின்மேலும் போய் விழுந்தது. வெட்கத்தில் வெளியே வந்தேன். சமையற்கட்டுக்குப் பொறுப்பாயிருந்த வயதான சகோதரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார். நான் உபவாசமென்று அவருக்குத் தெரியும். "தம்பி, வைத்தியசாலைத் திண்ணையில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். எனக்குக் கை போதவில்லை. நீங்கள் கொஞ்சம் பரிமாறுங்கள்" என்று அகப்பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வேண்டுமென்றே செய்தாரோ, மெய்யாகவே கை போதவில்லையோ, அறியேன். வயிறு காந்தக் காந்தப் பன்னிரண்டு பேருக்குக் களி பரிமாறினேன். மலையடிவாரத்திலிருந்து நடந்தே வந்திருந்த ஒரு ஸ்திரீ, குழந்தைக்கு ஊட்டிவிட்டுத் தன் தட்டைத் துடைத்து நிமிர்ந்து, இன்னொரு உருண்டை கேட்டாள். எந்த லஜ்ஜையும் இல்லாமல் கேட்டாள். எனக்கு விடுதியில் நான் எழுந்து நின்ற அந்த மத்தியானம் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு எனக்கு அவமானமாய்த் தோன்றியது இவள் முகத்தில் எவ்வளவு இயல்பாயிருந்தது! கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் அன்றன்றைக்குரிய ஆகாரத்துக்கான விண்ணப்பம், பாவமன்னிப்புக்கான விண்ணப்பத்துக்கு முன்னே நிற்கிறது என்பதைப் பிறந்ததுமுதல் தினம் இருவேளை சொல்லிவந்த நான், அந்தத் திண்ணையில்தான் கவனித்தேன். பரிமாறி முடிந்ததும் அந்தச் சகோதரரோடு உட்கார்ந்து, அடிப்பானையில் ஒட்டியிருந்த களியைச் சுரண்டித் தின்றேன். உபவாசம் அரைநாள் குறைந்துபோயிற்று. நோட்டுப்புத்தகத்தில் அன்றைய தேதியில் ஒன்றும் எழுதவில்லை.

அந்த வருஷம் எங்கள் கோயில் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஊரிலிருந்தேன். முதற்பலன்களாக வந்த முருங்கைக்காயும், சேவலும், கருப்பட்டியும் ஏலம் போய் முடிந்து, நேர்ச்சையாய் வந்த கிடாக்களெல்லாம் அடிபட்டு, விடிய விடிய அண்டாக்களில் சோறு வெந்து, ஓலைப்பாயில் மலைபோல் குவிந்து, அசனம் நடந்தது. அசனம் என்றால் உண்பது என்றுதான் அர்த்தம். எங்கள் சபைகளில் அதற்கு அலங்காரமான பெயர் எதுவும் வைக்கவில்லை. ஓலைப்பெட்டியும் தூக்குச்சட்டியுமாக அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து, சபையைச் சேர்ந்தவர் சேராதவர் எல்லோரும் வந்தார்கள். நான் சோற்றுப்பெட்டி எடுத்தேன். முந்தின வருஷங்களில் இந்தக் கூட்டத்தையும் கறிக்குழம்பையும் பார்த்து, இதுவா ஆராதனை என்று முகம் சுளித்துப் பின்வாசலால் போனவன் நான். ஆச்சியின் இலைக்கு வந்தேன். கை குறுக்கே நீண்டது. "போதும் மக்கா." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ தின்னியால?" என்று கேட்டாள். தின்னவில்லை என்றேன். "பசிக்குதா?" என்றாள். "பசிக்குது ஆச்சி" என்றேன். அதில் என்ன கண்டாளோ, பல்லில்லாத வாயால் வெகுநேரம் சிரித்தாள்.

1952-ல், பனைப் பருவம் முடிகிற சமயத்தில், ஆச்சி படுக்கையில் விழுந்தாள். ஒரு வாரமாகக் கஞ்சித்தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை. அதையும் இரண்டு மடக்குக்குமேல் கொடுத்தால் கையைக் குறுக்கே கொண்டுவருவாள். எங்கள் ஊருக்கு ஐயர் மாதம் ஒருமுறைதான் வருவார்; மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார், நற்கருணை கிடையாது. உபதேசியார் ஆள் அனுப்பி, ஐயர் சைக்கிளில் மணலில் தள்ளித் தள்ளி வந்து சேர்ந்தார். சமீபத்தில்தான் குருப்பட்டம் பெற்ற சின்ன வயசுக்காரர். முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து, சிறிய வெள்ளிப் பாத்திரத்தையும் தட்டையும் வைத்து, வியாதியஸ்தருக்குரிய முறைமைப்படி ஜெபித்தார். தகப்பனார், அம்மா, உபதேசியார், நான், எல்லோரும் முழங்காலில் நின்றோம். ஐயர் ஒரு துணிக்கை அப்பத்தை ஆச்சியின் உள்ளங்கையில் வைத்தார். அதை வாயில் போட்டு, ஈறுகளுக்கு நடுவே வைத்து, நாங்களெல்லாரும் பெற்று முடிகிறவரைக்கும் மென்றுகொண்டிருந்தாள். ரசத்தில் உதட்டை நனைத்தாள். ஐயர் துணியால் தட்டை மூடப்போனார்.

"ஐயரே," என்றாள் ஆச்சி. குரல் தெளிவாகவே இருந்தது. "இன்னும் இருக்கா?"

ஐயருக்கு விளங்கவில்லை. "என்ன ஆச்சி?"

"அப்பம். இன்னும் கொஞ்சம் தாங்க."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அத்தை, அது அப்பிடிக் கேட்டு வாங்குதது இல்ல" என்று காதோடு சொன்னாள். தகப்பனார் தம் தாயை, முன்பின் காணாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஐயர் ஒரு கணம் திகைத்து, தட்டையும் உபதேசியாரையும் மாறிமாறிப் பார்த்தார். ஜெபப்புத்தகத்தின் ஒழுங்குப்படி, பரிசுத்தம்பண்ணினதில் மிச்சமிருப்பதை வெளியே கொண்டுபோகாமல் குருவானவரும் அங்கே பங்குபெற்றவர்களும் உட்கொண்டுவிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதை அவர் நினைத்துக்கொண்டாரோ, அல்லது விதியை நினைக்கவே இல்லையோ, மறுபடியும் முழங்காலில் நின்று, "இருக்கு ஆச்சி" என்று சொல்லி, இன்னொரு துணிக்கையை அவள் கையில் வைத்தார்.

அதையும் நிதானமாக மென்றாள். கை மறுபடி நீண்டது. மூன்றாவதையும் வைத்தார். தட்டில் இருந்தது அவ்வளவுதான்.